ஃபோர்டின் இரட்டை பீமும் ஆறு டிகிரி தகராறும்

அமெரிக்காவில் பிக்கப் வண்டியைத் தூக்கிக் கட்டுவது ஒரு தனிக் கிறுக்கு. ஸ்பிரிங்கை மாத்து, நாலு அங்குலம் ஏத்து, பெரிய டயரைப் போடு, அவ்வளவுதான்னு இறங்கிடுவாங்க. கொஞ்ச நாளில் முன் டயரின் வெளி ஓரம் மட்டும் மொழுமொழுன்னு தேய்ந்து நிற்கும். பழைய ஃபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி ரொம்பவே பழக்கம். காரணம் 1965இல் எடுத்த ஒரு முடிவு.

அதற்கு முன் ஃபோர்டு பிக்கப்பின் முன்பக்கம் நம்ம மாட்டுவண்டிக்குத் தூரத்துச் சொந்தம். இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை ஒரே இரும்பு அச்சு, மேலே பட்டை ஸ்பிரிங். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் அடுத்ததும் சாயும். ஷெவர்லே 1960லேயே பிக்கப்பில் தனித்தனி சஸ்பென்ஷன் கொண்டுவந்துவிட்டது. ஃபோர்டு சும்மா இருக்குமா? 1965 மாடலில் வந்தது 'ட்வின் ஐ-பீம்'.

ஐடியா எளிமையானது. ஒரு அச்சுக்குப் பதில் இரண்டு பீம். வலது சக்கரத்தின் பீம் சட்டத்தின் இடது பக்கம் மாட்டியிருக்கும், இடது சக்கரத்தினுடையது வலது பக்கம். இரண்டும் கத்தரி மாதிரி ஒன்றையொன்று தாண்டிப் போகும். ஒவ்வொரு பீமையும் முன்பின் அசையாமல் பிடிக்க, பின்னோக்கி ஒரு ரேடியஸ் ஆர்ம். பழைய அச்சின் முரட்டுத்தனமும் இருக்கும், சக்கரங்கள் தனித்தனியாகவும் ஆடும். 1980இல் இதையே டிஃபரன்ஷியலோடு சேர்த்து, எஃப்-150, ப்ரோங்கோ நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கும் கொடுத்தார்கள். பெயர் 'ட்வின் ட்ராக்‌ஷன் பீம்'.

வில்லங்கம் ஜியோமிதியில் இருக்கிறது. பீம் ஒரு முனையில் மாட்டிய கதவு மாதிரி. சக்கரம் அதோடு ஒட்டிப் பிறந்தது. பீம் எத்தனை டிகிரி சாய்கிறதோ, சக்கரமும் அத்தனை டிகிரி சாயும். பத்தாம் கிளாஸ் கணக்குதான்: கீலிலிருந்து சக்கரம் வரை 1 மீட்டர்னு வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை 10 செ.மீ. தூக்கினால் கிட்டத்தட்ட 6 டிகிரி! சக்கரத்தின் மேல்பாகம் வெளியே சாய்ந்து நிற்கும் (இதுதான் கேம்பர்). அலைன்மென்ட் கடையில் அரை டிகிரிக்கு முகம் சுளிப்பார்கள், இங்கே ஆறு.

ஆரம்ப வண்டிகளில் இதைத் திருத்த திருகாணி எதுவுமே கிடையாது. அலைன்மென்ட் பட்டறைக்காரர் ஹைட்ராலிக் ஜாக்கியை மாட்டி, பீமையே சூடு காட்டாமல் வளைப்பார். தொழிற்சாலை மிச்சம் பிடித்த காசு வண்டிக்காரன் பாக்கெட்டிலிருந்து போனது என்பது என் கருத்து. பின்னாளில் மேல் பால் ஜாயின்ட்டில் மையம் தள்ளிய ஒரு புஷ் வந்தது. அதைத் திருப்பினாலோ வேறு அளவு போட்டாலோ கேம்பர் கொஞ்சம் மாறும். ஆனால் ஒன்றிரண்டு டிகிரிக்குத்தான் அந்தப் பாச்சா பலிக்கும்.

அப்போ சிக்கனமான வழி? சக்கரத்தைச் சரி செய்யாதே, கீலை இறக்கு. வண்டி எவ்வளவு ஏறியதோ, பீம் மாட்டும் இடத்தையும் பிராக்கெட் போட்டு ஏறக்குறைய அவ்வளவு கீழே இறக்கினால் பீம் பழைய கோணத்துக்கே வந்துவிடும். ரேடியஸ் ஆர்மின் பின்முனையையும் இறக்கணும், இல்லாவிட்டால் கேஸ்டர் குறைந்து ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. டை ராடுகளும் செங்குத்தாகிவிடும் என்பதால் பிட்மேன் ஆர்மையும் தாழ்வானதாக மாற்ற வேண்டும். எல்லாம் கனமான இரும்புத் துண்டுகளும் போல்ட்டும்தான். வெறும் ஸ்பிரிங்கோ ஸ்பேசரோ போட்டு ஏற்றுவது விலைப்பட்டியலில் மலிவு, டயர்க் கடை பில்லையும் சேர்த்தால் அதுதான் உள்ளதிலேயே காஸ்ட்லி.

தெற்குக் கலிஃபோர்னியா பாலைவனக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. பீமையே வெளிமுனைப் பக்கம் அறுத்து, தேவையான கோணத்துக்குத் திருப்பி, வெல்டு வைத்து, மேலே தகடு போட்டு வலுப்படுத்துவார்கள். கைதேர்ந்தவர் செய்தால் அருமை. அரைகுறை வெல்டர் கையில் கொடுத்தால், விட்டுப்போவது சக்கரம். இந்த ஒரு இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அளக்க கம்ப்யூட்டர் மெஷின் வேண்டாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கொத்தனாரின் தூக்குக்குண்டை ரிம் பக்கம் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் இடைவெளியை மேலும் கீழும் அளந்தால் கேம்பர் தெரிந்துவிடும். இரு புள்ளிகளும் 400 மி.மீ. தள்ளியிருந்தால், 7 மி.மீ. வித்தியாசம் ஒரு டிகிரி. அடுத்து டோ. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றவிட்டு, டயரில் சாக்பீஸ் பூசி ஆணியால் கோடு இழுத்து, இறக்கியபின் இரு கோடுகளுக்கும் நடுவே முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு டேப்பில் எடுத்தால் போதும். எந்த அளவானாலும், ஜாக்கியிலிருந்து இறக்கியதும் வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டணும். டயர் தரையைக் கவ்விக்கொள்வதால் பீம் தன் இடத்துக்கு வராமல் நிற்கும், உருட்டாமல் எடுத்த அளவு சுத்தப் பொய்.

1996இல் ப்ரோங்கோ நின்றது. 1997 மாடல் எஃப்-150இல் பீம் போய், மேலும் கீழும் கை வைத்த சஸ்பென்ஷன் வந்தது. அடுத்த வருட மாடலில் ரேஞ்சரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. பழைய பீம்களுக்கு மட்டும் பாலைவனத்தில் இன்னும் மவுசு குறையவில்லை :-)