மறைநிலமும் மன்னர் தயவும்

கொடிய நச்சுப் பாம்பை 'நல்ல பாம்பு' என்று வழங்குவது நம் மொழி மரபு. ஆங்கிலச் சட்ட வழக்கிலும் இதற்கு ஒப்பானதொரு சொல் உண்டு. 'கன்சீலர்' என்றால் மறைப்பவர் என்பது நேர்ப்பொருள். ஆயினும் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், பிறர் மறைத்து வைத்திருந்த அரசு நிலங்களைத் துப்பறிந்து வெளிக்கொணர்ந்தவர்களுக்கே அப்பெயர் வழங்கிற்று. 1607-இல் சட்ட அகராதி வெளியிட்ட ஜான் கவல் என்னும் அறிஞர், இஃது எதிர்ப்பொருளில் அமைந்த பெயர் என்று விளக்கமும் தந்தார். நல்ல பாம்பைப் போலவே இவர்களிடத்தும் நஞ்சு இருந்தது. அந்நஞ்சு எங்ஙனம் ஊறிற்று, அதற்கு முறிவு எவ்வாறு காணப்பட்டது என்பதைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாறு எலிசபெத்தின் தந்தையாகிய எட்டாம் ஹென்றியிடம் தொடங்குகிறது. போப்பாண்டவரோடு பிணங்கித் தாமே ஆங்கிலத் திருச்சபையின் தலைவரான அம்மன்னர், 1535-இல் நாடெங்குமுள்ள திருச்சபை வருவாய்களைக் கணக்கெடுக்கச் செய்தார். அடுத்த ஆண்டே, ஆண்டு வருவாய் 200 பவுனுக்குக் குறைந்த துறவு மடங்களைக் கலைக்கச் சட்டம் பிறந்தது. 1539-ஆம் ஆண்டுச் சட்டம் பெருமடங்களையும் விழுங்கியது. 1540-இல் வால்தம் மடம் ஒப்படைக்கப்பட்டதோடு ஆங்கில நாட்டில் துறவு மடம் என்பதே இல்லையாயிற்று. வந்து குவிந்த நிலங்களை ஆள்வதற்கெனவே அரச வருவாய்ப் பெருக்க மன்றம் என்றோர் அமைப்பு 1536-இல் நிறுவப்பெற்றது.

ஹென்றியின் மைந்தர் ஆறாம் எட்வர்டு காலத்தில், 1547-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி கீழே இறங்கிச் சிற்றூர்களின் வாயிலையே எட்டியது. நம் கோயில்களில் நந்தா விளக்கெரிக்க நிலம் விடுவதுபோல், அந்நாட்டு மக்களும் மாதா கோயிலில் விளக்கெரிக்கவும், இறந்தோரின் ஆன்ம நலத்திற்காகப் பூசை செய்விக்கவும் நிலமும் வாடகையும் எழுதி வைத்திருந்தனர். அவை யாவும் மூடநம்பிக்கையின்பாற்பட்டவை என்று கூறி, அவ்வறக்கட்டளைகளின் சொத்துகள் அரசுடைமை ஆக்கப்பட்டன.

சட்டம் ஒரு நாளில் இயற்றப்படும். நிலத்தை அளந்து கணக்கில் ஏற்றுவதோ ஒரு நாளில் முடிவதன்று. ஒரு மடத்தின் நிலம் பல மாவட்டங்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. விளக்குக்காக விடப்பட்ட அரை ஏக்கரை அவ்வூரார் சொன்னாலன்றி எவரும் அறியார். கணக்கெடுக்க வந்தவர்களோ சில திங்களில் பணியை முடித்துத் திரும்ப வேண்டியவர்கள். எனவே பல நிலங்கள் ஏட்டில் ஏறாமலே நின்றன. வேண்டுமென்றே மறைத்த செல்வரும் உண்டு. தம் பாட்டன் உழுத நிலம் அரசனுக்கு உரியது என்பதையே அறியாத எளியோரும் உண்டு. அரசின் ஏட்டில் இவ்விருவரும் ஒரே பெயர் பெற்றனர். 'மறைக்கப்பட்ட நிலத்தை வைத்திருப்போர்' என்பதே அப்பெயர்.

1558-இல் அரியணை ஏறிய எலிசபெத்துக்கோ செலவு மிகுதி, வருவாய் குறைவு. அரண்மனைப் பணியாளரின் ஊதியம் பெரும்பாலும் பழைய அளவிலேயே நிற்க, விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே சென்றது. கைப்பணம் கொடுக்க இயலாத அரசி, தம்மை அண்டியவர்களுக்கு உரிமைகளை வழங்கினார். ஒருவருக்கு ஒரு பொருளை விற்கும் தனியுரிமை. மற்றொருவருக்குக் குறைந்த குத்தகையில் பண்ணை. இன்னொருவருக்கு மறைநிலம் தேடும் பட்டயம். இம்மூன்றாவது கொடை அரசிக்கு மிகவும் எளியது. கண்டுபிடிக்கப்படும்வரை அந்நிலத்தால் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. கண்டுபிடித்தவருக்கே அதனை வழங்கிவிட்டால் சிறு வாடகையேனும் கருவூலத்தில் சேரும். கைப்பொருள் குறையாமலே வள்ளலாகும் வழி அது!

நடைமுறையைச் சற்றுக் காண்போம். கருவூல மன்றத்திலிருந்து விசாரணைக்கு ஆணை பிறக்கும். ஊரார் சிலர் நடுவர்களாகச் சத்தியம் செய்விக்கப்படுவர். முதியவர்களை அழைத்து, 'இந்நிலத்தின் வருவாயில் முன்பு விளக்கெரிந்ததா? யார் வாடகை பெற்றார்?' என்றெல்லாம் வினவுவர். அந்த அறிக்கை தலைநகர் சென்றதும், பல ஊர்த் துண்டு நிலங்கள் நீண்ட பட்டியலாகக் கோக்கப்பட்டு ஒரே பட்டயத்தில் விண்ணப்பித்தவர் பெயருக்கு மாறும். அவர் அந்நிலத்தை உழப்போவதில்லை. அதில் குடியிருப்பவரிடமே சென்று, 'பணம் கொடுத்து உன் நிலத்தை மீட்டுக்கொள்' என்பார். வில்லியம் டிப்பர் என்பவர் இத்தொழிலில் பெயர் பெற்றவர்.

குடியானவர் மறுத்து வழக்காடலாமே எனில், அங்கேதான் சட்டம் அவரைக் கைவிட்டது. 'அரசனுக்கு எதிராகக் காலம் ஓடாது' என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கோட்பாடு. தனி மனிதர் ஒருவர் தம் உரிமையை நெடுங்காலம் கேளாதிருந்தால் அது காலாவதியாகும். அரசனின் உரிமையோ என்றும் காலாவதியாகாது. பட்டயம் பெற்றவர் அரசனின் நிழலில் நின்று வாதாடினார். இரண்டு மூன்று தலைமுறைக்கு முந்தைய ஏட்டைக் காட்டு என்றால் உழவன் எங்கே போவான்?

விரைவில் வேட்டை எல்லை மீறியது. மருத்துவ இல்லங்களின் நிலங்களும் பள்ளிகளின் நிலங்களும் குறிவைக்கப்பட்டன. கோயில் மணிகளும் கூரை ஈயமுங்கூடத் தப்பவில்லை. மக்களின் முறையீடு பெருகவே, 1572-இல் அரசியே அறிக்கை வெளியிட்டு அவ்விசாரணை ஆணைகளைத் திரும்பப் பெற்றார். ஆயினும் சில காலத்தில் வேட்டை மீண்டும் தலைதூக்கியது. கேட்போருக்குக் கொடுக்க வேறு பொருள் இல்லாதவரை அக்கொடை எங்ஙனம் நிற்கும்? லண்டன் வணிகக் குழுக்கள் தம் அறக்கட்டளை வாடகைகளை 1550-இலேயே ஏறத்தாழ 18,700 பவுன் கொடுத்து அரசிடமிருந்து மீட்டிருந்தன. அவர்களுக்குங்கூட இவ்வேட்டைக்காரர்களின் தொல்லை நீங்கவில்லை. நார்விச் ஆயர்பீடத்தின் உடைமைகளும் மறைநிலம் என்று கோரப்பட்டன. அவற்றைக் காக்க 1597-98 நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

வேட்டையாடியவர்களேனும் வாழ்ந்தார்களா? கவிஞரும் அரசவையினருமாகிய சர் எட்வர்டு டையர் மறைநிலம் தேடும் உரிமை பெற்றவர்களுள் ஒருவர். பல்லாண்டுகள் அரசியின் கடைக்கண் பார்வைக்குக் காத்திருந்த அவருக்குக் கிடைத்தவற்றுள் இதுவும் ஒன்று. இதனால் அவருக்கு வந்தது பழியே. 1607-இல் அவர் கடனாளியாகவே மறைந்தார்.

முறிவு மருந்து 1624-இல் வந்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னரின் கடைசி நாடாளுமன்றம், குடிமக்களின் பொது அமைதிக்காக ஒரு சட்டம் இயற்றியது. அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகள் அரசு வருவாய் பெறாத நிலத்தின்மீது அரசு இனி உரிமை கோரலாகாது என்று அது விதித்தது. ஆனால் அறுபது ஆண்டும் அந்த 1624-இலிருந்தே பின்னோக்கி எண்ணப்பட்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பாதுகாப்பு தேய்ந்தது. 1767-இல் போர்ட்லண்டு பிரபுவின் குடும்பம் நெடுநாள் ஆண்டுவந்த நிலத்தைச் சர் ஜேம்ஸ் லௌதர் என்பவர் அரசு நிலமென்று கூறிக் குத்தகை பெற்றபோது நாடே கொதித்தெழுந்தது. அதன் பயனாக, எந்நாளிலிருந்து எண்ணினாலும் அறுபது ஆண்டே எல்லை என்று 1769-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது.

அந்த அறுபது ஆண்டு நமக்கும் அயலானதன்று. 1908-ஆம் ஆண்டு இந்தியக் காலவரையறைச் சட்டத்தில் அரசு தொடுக்கும் வழக்குகளுக்கு இருந்த எல்லையும் அறுபது ஆண்டே. சுதந்திர இந்தியா 1963-இல் அதனை முப்பதாகக் குறைத்தது. டியூடர் காலத்து உழவர் பட்ட கண்ணீரின் துளியொன்று நம் சட்டநூலிலும் உலர்ந்து கிடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அரசு அலுவலகத்தில் கோப்புகளிடையே நாள் கழிக்கும் எனக்கு இவ்வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, அரசு தன் பொருளைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் தேடுபவனுக்குக் கிடைத்த பொருளையே கூலியாக்கினால், அவன் கண்ணுக்கு எல்லா நிலமும் மறைநிலமாகவே தோன்றும். இரண்டாவது, ஏடு இல்லை என்பதனாலேயே ஒருவன் உரிமை பொய்யாகிவிடாது. கோப்பு காணாமற் போயிற்று என்பதற்காக விண்ணப்பித்தவரைப் பொய்யர் என்று எழுத எந்த நல்ல எழுத்தருக்கும் கை வராது.

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நம்மில் பலருக்கு, ஊரில் உள்ள காணி என்பது தந்தையார் வாய்மொழியும் பெட்டியின் அடியில் மடித்து வைத்த பழுப்பேறிய தாளுமே. அத்தாளைப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டி எல்லைகளைச் சொல்லி வைப்போமாக. தாள் கைவசம் இல்லாத எளியவர் எவரேனும் நம் மேசை முன் வந்து நிற்கும்பொழுது, நானூறு ஆண்டுகட்கு முன் அந்நிய மண்ணில் நடுவர்முன் விழித்து நின்ற அவ்வுழவரையும் சற்று நினைப்போமாக.