சுழற்காற்றும் எச்சரிக்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

இயற்கை அனர்த்தங்களை ஆராய்வோர் பெரும்பாலும் காற்றின் வேகத்தையும் இறந்தோர் தொகையையும் குறிப்பிடுவதோடு அமைந்துவிடுகின்றனர். ஆயின் அழிவு என்பது இயற்கையும் சமூகமும் சந்திக்கும் இடத்திலேயே நிகழ்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 'ரொர்னாடோ' எனப்படும் சுழற்காற்றின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவுற உணர்த்தும்.

மெக்சிக்கோ வளைகுடாவிலிருந்து எழும் வெப்பமும் ஈரமும் மிக்க வளி, மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் வறண்ட, குளிர்ந்த வளியை அந்நாட்டின் நடுச் சமவெளிகளில் எதிர்கொள்கின்றது. உயரம் கூடக் கூடக் காற்றின் திசையும் வேகமும் பெரிதும் மாறுபடும்பொழுது, அங்கு திரளும் இடிமுகில்கள் சுழலத் தொடங்குகின்றன. இவ்வாறே ஒரே நாளில் பல சுழற்காற்றுகள் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன.

இவற்றை முன்னறிய முதன்முதலில் முறையாக முயன்றவர் இராணுவத்தின் சமிக்ஞைப் படையைச் சேர்ந்த ஜோன் பின்லி ஆவார். 1884இல் அவர் செய்த எதிர்வுகூறல்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறுக்கு மேல் சரியானவை எனக் கூறப்பட்டது. 'சுழற்காற்று வராது' என்றே நாள்தோறும் கூறியிருப்பின் இதனினும் உயர்ந்த வெற்றி கிட்டியிருக்கும் எனக் கில்பேட் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். பின்லியின் கணக்கில் குறை இருந்தமை உண்மையே. ஆயினும் பின்னர் நேர்ந்தது அதனினும் பெருங்குறை எனலாம். மக்கள் பீதியுறுவர் என்ற அச்சத்தினால் 1880களின் பிற்பகுதியில் அச்சொல்லே அரச வானிலை அறிக்கைகளிலிருந்து விலக்கப்பட்டது.

1925 மார்ச் 18ஆம் நாள் மிசூரியில் எழுந்த சுழற்காற்று இலினோய் மாநிலத்தைக் கடந்து இந்தியானாவில் அடங்கியது. ஏறத்தாழ 350 கிலோமீற்றர் நீண்ட பாதையை அது மூன்றரை மணி நேரத்தில் கடந்தது. 695 பேர் மாண்டனர். மேர்பிஸ்பரோ என்னும் நகரில் மட்டும் 234 பேர் இறந்தனர். டி சோட்டோவில் பாடசாலை இடிந்து 33 சிறுவர் மடிந்தனர். தந்தியும் தொலைபேசியும் இருந்த காலம் அது. எனினும் அம்மக்களைச் சுழற்காற்று எச்சரிக்கை எதுவும் எட்டவில்லை.

தடை 1938இல் தளர்த்தப்பட்டது. எனினும் மாற்றத்திற்கு வித்திட்டது 1948ஆம் ஆண்டின் நிகழ்ச்சியே. அவ்வாண்டு மார்ச் 20இல் ஒக்லகோமாவின் ரிங்கர் விமானப்படைத் தளம் சுழற்காற்றினால் சேதமுற்றது. போபுஷ், மில்லர் என்னும் இரு அதிகாரிகள் அதற்கான வானிலைச் சூழலை ஆராய்ந்தனர். ஐந்து நாட்களின் பின் அதே சூழல் தோன்றவே, முன்னெச்சரிக்கை விடுத்தனர்; அன்று மாலையே அத்தளம் மீண்டும் தாக்குண்டது. 1950இல் பொதுமக்களுக்கான எச்சரிக்கைக்கும் வழி திறந்தது.

1974 ஏப்ரல் 3, 4ஆம் நாட்களில் 13 மாநிலங்களில் 148 சுழற்காற்றுகள் வீசி, முந்நூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டன. நாகசாக்கியின் அணுகுண்டு அழிவை நேரிற் கண்டாய்ந்த பியூஜிட்டா, சிக்காக்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இவ்வழிவின் தடங்களை வானிலிருந்து ஆராய்ந்தார். அழிவின் தன்மையைக் கொண்டு காற்றின் வலிமையை அளவிடும் அளவுகோலை அவர் 1971இலேயே வகுத்திருந்தார்.

எச்சரிக்கை மாத்திரம் போதுமோ எனின், போதாது. 2011 ஏப்ரல் 27இல் வந்த திரள் நாட்கள் பல முன்னரே எதிர்வுகூறப்பட்டது. அவ்வாறிருந்தும் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அலபாமாவில் காலையில் வீசிய புயல்களே பல இடங்களில் மின்சாரத்தைத் துண்டித்திருந்தன. வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் 1989 ஏப்ரல் 26இல் வீசிய ஒரே சுழற்காற்று ஏறத்தாழ 1,300 உயிர்களைக் கவர்ந்தது. உறுதியற்ற குடிசைகளில் வாழ்ந்தோர்க்குப் புகலிடம் ஏது?

காற்றைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. ஆயின் உண்மையை உரிய வேளையிற் சொல்வதும், அதனைக் கேட்டோர் ஒதுங்க ஓர் உறுதியான கூரை அமைப்பதும் அவனுக்கு இயலும். பீதி ஏற்படும் எனக் கருதி உண்மையை மறைத்தோர் மக்களைக் காக்கவில்லை என்பதே இவ்வரலாறு நமக்குத் தரும் பாடமாகும்.