திண்ணைப் பள்ளிக் கணக்கும் தொடக்கப் பள்ளிக் கணக்கும்
(திருத்தணி வட்டாரத்தை முன்னிறுத்திய ஓர் ஆய்வு)

முன்னுரை

தொடக்கப் பள்ளியிற் பயிலும் சிறாரின் பெற்றோரிடம் ஒரு குறை அடிக்கடி கேட்கப்படுகின்றது. தம் காலத்துப் பிள்ளைகள் பதினாறாம் வாய்பாடு வரை தடையின்றி ஒப்பித்தனர் என்றும், இக்காலப் பிள்ளைகளோ குச்சியும் மணியும் வைத்து விளையாடிப் பொழுது போக்குகின்றனர் என்றும் அவர்கள் வருந்துகின்றனர். இக்குறை பொருந்துமா என்பதை வரலாற்று நெறியில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் திருத்தணி இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற இடம் என யாம் கருதுகின்றோம்.

திண்ணைப் பள்ளி முறை

கவர்னர் தாமசு மன்றோ 1822இல் சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமை, 1826 மார்ச்சு 10ஆம் நாளிட்ட அவர்தம் குறிப்பால் பெறப்படுகின்றது. அம்மாணவருட் பெண்மக்கள் மிகச் சிலரே என்பதையும் ஈண்டு மறத்தல் ஆகாது.

தமிழ் வழங்கும் பகுதிப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவன் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்னும் சுவடிகளைக் கற்றான். பொன்னிலக்கம் எண்ணையும் பின்னத்தையும், நெல்லிலக்கம் தானிய அளவையையும், எண்சுவடி பெருக்கலையும், குழிமாற்று நில அளவையையும் உணர்த்தின. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, ஏனையோர் பின்னே சொல்லுதல் வழக்கம். ஒரு சிறுவன் மற்றொருவனுக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னை எழும்பூர் ஆண்பிள்ளைகள் காப்பகத்தில் நடத்திப் பார்த்த ஆண்ட்ரூ பெல், அதனை 1797இல் நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்திற் பரவியது.

இப்பயிற்சி வெறும் மனப்பாடமே என்பார் உளர். அது முற்றும் பொருந்தாது. நெல்லிலக்கத்தை நோக்குக. எட்டு நாழி ஒரு குறுணி. இரு குறுணி ஒரு பதக்கு. இரு பதக்கு ஒரு தூணி. முத்தூணி ஒரு கலம். இவ்வளவைகள் அக்காலத்துக் களத்திலும் கடையிலும் நாளும் வழங்கியவை. நெல் அளக்கக் கண்ட சிறுவனுக்குச் சுவடியின் சொல் கண்டறிந்த பொருளின் பெயரே ஆயிற்று. ஒரு கலத்தில் ஐங்குறுணி போக எஞ்சுவது யாது என வினவினால், அவன் கலத்தைப் பன்னிரு குறுணியாக உடைத்து, ஐந்தை நீக்கி, எஞ்சிய ஏழினைத் தூணி, பதக்கு, குறுணி என ஒவ்வொன்றாகத் தொகுத்துரைப்பான். உடைத்தலும் தொகுத்தலுமாகிய இவ்விரு செயல்களே கணக்கின் உயிர் என்பது எம் துணிபு.

அளவை நீங்கியமை

பின்னங்களின் நிலையும் இதுவே. மாகாணி என்பது பதினாறில் ஒன்று. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா ஆதலின், ஓரணா மாகாணியும், ஈரணா அரைக்காலும், நாலணா காலும், எட்டணா அரையும் ஆயின. பெற்றோர் பெருமையொடு நினைவுகூரும் பதினாறாம் வாய்பாட்டிற்கு அணாக் கணக்கில் நேரான பயன் இருந்தது.

1957 ஏப்ரல் 1ஆம் நாள் ரூபாய் நூறு காசுகளாக வகுக்கப்பெற்றது. அதனையடுத்துப் படியும் மரக்காலும் அரசு வழக்கினின்று நீங்க, கிலோகிராமும் லிட்டரும் வந்தன. நாணயம் மாறிச் சரியாக மூன்றாண்டு கழித்து, 1960 ஏப்ரல் 1ஆம் நாள், திருத்தணி ஆந்திர மாநிலச் சித்தூர் மாவட்டத்தினின்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இவ்வூர்ச் சிறுவன் சில ஆண்டுகளுக்குள் காசும் அளவையும் மாநிலமும் மாறக் கண்டான். வாய்பாடு மட்டும் மாறவில்லை. அளவை சந்தையை விட்டு நீங்கியபின் ஒலி மட்டுமே எஞ்சியது. பெற்றோர் பழைய முறை என நினைப்பது பெரும்பாலும் இவ்வெஞ்சிய பாதியையே.

இன்றைய வகுப்பு

நீங்கிய பாதியை மீட்கும் முயற்சியாகவே இன்றைய வகுப்பை யாம் காண்கின்றோம். பழைய சித்தூர் மாவட்டத்து ரிஷி வேலிப் பள்ளியினர் வகுத்த பயிற்சி அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவிற்று. எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் 2022 ஜூன் 13ஆம் நாள், திருத்தணி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பெற்றது. இதில் குழந்தைகள் தம் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிந்து கற்பர். முந்தியவன் பிந்தியவனுக்குக் காட்டிக் கொடுத்தல் இங்கும் உண்டு; சட்டாம்பிள்ளை மறைந்திலன்.

52இல் 27ஐக் கழிக்கும் வகுப்பை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் முன் பத்துப்பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளும் இரண்டு தனிக் குச்சிகளும் உள்ளன. இரண்டிலிருந்து ஏழை எடுக்க இயலாது. ஆதலின் ஒரு கட்டைப் பிரிக்கின்றது. நான்கு கட்டும் பன்னிரண்டு குச்சியும் ஆகின்றன. ஏழு குச்சியும் இரண்டு கட்டும் நீக்க, இரண்டு கட்டும் ஐந்து குச்சியும் எஞ்சும், விடை 25. பின்னர் இதனையே படமாக வரைந்து, இறுதியிற் குறியால் எழுதும். ‘கடன் வாங்குதல்’ என நாம் பொருளறியாது செய்த செயல் யாது என்பதை அக்குழந்தை கையால் அறிகின்றது. கலத்தைக் குறுணியாக உடைத்த செயலும் இதுவே அன்றோ?

எல்லைப்புறத்து எண்ணுப்பெயர்

இவ்வூரில் மற்றொரு நுட்பமும் உண்டு. தமிழில் எண்பதை அடுத்து வருவது தொண்ணூறு. அச்சொல்லினுள் நூறு என்பது ஒலிக்கின்றது. எண்ணூற்றை அடுத்த தொள்ளாயிரத்துள் ஆயிரம் ஒலிக்கின்றது. தெலுங்கிலோ இவை ‘தொம்பை’, ‘தொம்மிதி வந்தலு’ என நூறும் ஆயிரமும் கலவாது நிற்கும். வீட்டில் தெலுங்கில் எண்ணிப் பள்ளியில் தமிழில் எண்ணும் குழந்தை தொண்ணூற்றிற் சற்றே தயங்கின், அது கணக்கறியாமை அன்று. இரு மொழிகளின் வழக்கு வேறுபாடு. ஒன்பது கட்டுக் குச்சியைக் கையிற் கொடுத்தால் அம்மயக்கம் தீரும். பொருள் இரு மொழிக்கும் பொது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், பழையதும் புதியதும் தம்முள் பகையல்ல என்பது போதரும். வாய்பாட்டை விலக்க வேண்டுவதில்லை. பொருளுணர்ந்தபின் ஒப்பித்தல் விரைவு தரும். பொருளுணருமுன் ஒப்பித்தல் அச்சம் தரும். திண்ணைச் சிறுவனுக்கு அளவைக் களமும் கடையும் காட்டின. அக்களம் இன்று எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்ப்பதில்லை. திண்ணைக்கு வர இயலாதிருந்த பெண்மக்களும் இன்று வகுப்பில் உள்ளனர். ஆதலின் பள்ளியே களமாக வேண்டியுள்ளது.

பெற்றோர் செய்யத்தக்கது எளிது. திருத்தணி மலைக்குப் படிகள் 365 என்பர். ஆண்டிறுதிப் படித்திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் பாடப்படுகின்றது. ஒன்றிற்கு ஒன்று நேர்நிறுத்தும் அச்செயலே எண்ணுதலின் முதற்பாடம். குழந்தையொடு அப்படிகளில் ஏறுவோர் பத்துக்கொரு கல்லை அதன் கையிற் கொடுப்பாராக. உச்சியை அடைந்ததும் முப்பத்தாறு கற்கள் சேர்ந்திருக்கும். ஐந்து படிகள் மிகும். அங்கு அமர்ந்து, கற்களைப் பத்துப்பத்தாகக் கூட்டி, மூன்று நூறும் ஆறு பத்தும் ஐந்து ஒன்றும் எனக் குழந்தையே சொல்லக் கேட்பின், வகுப்பில் நிகழ்வது யாது என்பது பெற்றோர்க்கும் விளங்கும்.