வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கோடு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகரத்தைச் சுற்றி ஒரு கோடு ஓடுகிறது. மதிலோ வேலியோ கிடையாது; இருப்பது வரைபடத்தில்தான். ஆனாலும் நகரத்தின் மேற்கு ஓரத்துக்குப் போனால் அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். சாலைக்கு இந்தப் பக்கம் நெருக்கமாக வீடுகள். அந்தப் பக்கம் ஹேசல்நட் தோப்பு, நாற்றுப்பண்ணை, விதைக்காக வளர்க்கும் புல்வயல். நகர வளர்ச்சி எல்லை என்பது அதன் சட்டப் பெயர். உள்ளூரில் ‘யூ.ஜி.பி.’ என்றாலே போதும்.

இந்தக் கோட்டைக் கேட்டு முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒரு விவசாயி உண்டு. வில்லமெட் பள்ளத்தாக்கில் பால்பண்ணை நடத்தியவர் ஹெக்டர் மெக்பர்சன், மாநில செனட்டரும்கூட. அமெரிக்காவின் வளமான மண்களில் ஒன்று அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஓரிகன் மக்களில் பெரும்பாலோர் குடியிருப்பதும் அங்கேதான். மனைப்பிரிவுகள் பண்ணைகளை நெருங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்பர்சன் குடியரசுக் கட்சிக்காரர். அவருடன் கைகோத்த டெட் ஹாலக், போர்ட்லாந்திலிருந்து வந்த ஜனநாயகக் கட்சி செனட்டர். ஆளுநர் நாற்காலியில் டாம் மெக்கால் இருந்தார். தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர் என்பதால் மக்களிடம் எதையும் நேராகப் பேசத் தெரிந்தவர். 1973இல் ‘செனட் மசோதா 100’ சட்டமானது. அதன்கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை வகுக்க வேண்டும். அடுத்த 20 ஆண்டுகளுக்கு வீட்டுக்கும் வேலைக்கும் எவ்வளவு நிலம் வேண்டும் என்று கணக்குப் போட்டு அதை எல்லைக்குள் வைக்க வேண்டும். வெளியே இருக்கும் வயலும் காடும் அப்படியே நிற்கும்.

போர்ட்லாந்தில் மட்டும் ஒரு சிக்கல். அங்கே 3 கவுண்டிகள் (மாவட்டங்கள்), இரண்டு டஜன் சிறு நகரங்கள். ஆளுக்கொரு கோடு போட்டால் கோட்டுக்கே பொருள் இல்லை. 1978இல் மக்கள் வாக்களித்து, தாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ‘மெட்ரோ’ என்ற வட்டார மன்றத்தை உருவாக்கினார்கள். அப்படி ஒரு மன்றம் அமெரிக்காவில் வேறெங்கும் இல்லை. மறு ஆண்டு கோடு வரையப்பட்டது.

1973ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிறந்த வேகத்திலேயே அழிக்கவும் பார்த்தார்கள். 1976, 1978 என இரண்டு பொதுவாக்கெடுப்புகளில் சட்டம் தப்பியது. மூன்றாவது 1982இல் வந்தது. மரத்தொழில் படுத்து, மாநிலமே வேலையின்றித் தவித்த ஆண்டு அது. திட்டச் சட்டம்தான் முதலீட்டைத் தடுக்கிறது என்ற பேச்சு எளிதாக எடுபட்டது. மெக்கால் அப்போது பதவியில் இல்லை. தீராத புற்றுநோய். அதை மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, சட்டத்தைக் காக்கும் பிரசாரத்தில் இறங்கினார். நவம்பரில் மக்கள் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். 1983 ஜனவரியில் அவர் இறந்தார். இந்த மனிதர் இல்லையென்றால் கோடு பிழைத்திருக்குமா என்பது சந்தேகமே.

2004இல் எதிர்ப்பு வேறு வடிவில் வந்தது. நிலத்தின் மதிப்பைக் கட்டுப்பாடு குறைத்தால் அரசு இழப்பீடு தர வேண்டும், இல்லாவிட்டால் கட்டுப்பாட்டை விலக்க வேண்டும் என்ற 37ஆம் எண் முன்மொழிவு பொதுவாக்கெடுப்பில் எளிதில் வென்றது. அதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கோட்டுக்கு உள்ளே நிலம் இருப்பவருக்குப் பணம் கொட்டுகிறது. ஒரு சாலை தள்ளியிருப்பவருக்கு அது வயலாகவே இருக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் குவிந்து, பக்கத்துத் தோப்பில் மனை போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அதே வாக்காளர்கள் 2007இல் 49ஆம் முன்மொழிவின் மூலம் அதைச் சுருக்கினார்கள்.

கோட்டின் வாழ்வில் எனக்குப் பெரிய பாடம் டமாஸ்கஸ். 2002இல் மெட்ரோ ஒரேயடியாக 18,000 ஏக்கருக்கு மேல் உள்ளே இழுத்தது. அதில் பெரும்பங்கு தென்கிழக்கில் இருந்த டமாஸ்கஸ் பகுதி. மலைச்சரிவும் ஓடைகளுமான நிலம். சாக்கடை இல்லை, பெரிய சாலை இல்லை. அங்கிருந்தவர்களில் பலர் கிராம வாழ்க்கையைத் தேடி வந்தவர்கள். 2004இல் தனி நகரமாகத் தங்களை அறிவித்துக்கொண்டார்கள். ஆனால் நகரத்துக்கான திட்டம் ஒன்றை ஒப்புக்கொள்ள அவர்களால் முடியவே இல்லை. திட்டங்கள் வாக்கெடுப்பில் தோற்றன. 2016இல் நகரத்தையே கலைக்க வாக்களித்தார்கள். வரைபடத்தில் சேர்த்த நிலம் தானாக நகரமாகிவிடாது. குழாய் போட யார் பணம் தருவார்கள், அங்கிருப்பவர்கள் விரும்புகிறார்களா என்ற கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகே கோடு நகர வேண்டும். மெட்ரோ இதைக் கற்றுக்கொண்டது. 2018இல் பீவர்டன், ஹில்ஸ்பரோ, கிங் சிட்டி, வில்சன்வில் ஆகிய 4 நகரங்களுக்காக 2,181 ஏக்கர் சேர்த்தபோது, அந்த நகரங்கள் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தன.

வெளிப்பக்கம் இவ்வளவு கறாராக இருந்தவர்கள் உட்பக்கத்தை நெடுங்காலம் பாதிதான் திறந்தார்கள். 1981இலேயே, புதிய வீடுகளில் பாதியாவது அடுக்ககமாகவோ ஒட்டுவீடாகவோ அமைய இடம் தர வேண்டும் என்ற விதி வந்தது, உண்மைதான். ஆனால் ஏற்கெனவே தனிவீடுகள் இருந்த தெருக்களில் பெரும்பாலும் இன்னொரு வீடு நுழைய முடியாது. 3 கவுண்டிகளிலும் சேர்த்து 1980இல் 10.5 லட்சம் பேர். 2020இல் 18 லட்சத்துக்கும் மேல். கோட்டுக்குள் இருக்கும் நிலமோ அந்த வேகத்தில் பாதிகூடக் கூடவில்லை. அந்த நெருக்கடி பழைய வசதியான தெருக்களைத் தொடாமல், வலு குறைந்த இடத்தில் போய் விழுந்தது. கறுப்பின மக்களின் மையமாக இருந்த வடக்குப் போர்ட்லாந்தின் ஆல்பினா பகுதியில் வாடகை ஏற, குடும்பங்கள் நகரின் கிழக்கு ஓரத்துக்கு ஒதுங்கின. கோடு மட்டுமே காரணம் என்பது அநியாயம். எல்லை வகுக்காத நகரங்களிலும் இதே கதை நடந்தது. ஆனால் வயலைக் காக்க வேண்டும் என்றால் நகரத்துக்குள் இருப்பவர் பக்கத்து மனையில் நான்கு குடும்பம் வருவதை ஏற்க வேண்டும். அதைச் சட்டமாக்க 2019 வரை ஆனது. அந்த ஆண்டின் ‘ஹவுஸ் மசோதா 2001’, தனிவீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிய தெருக்களில் போர்ட்லாந்து போன்ற நகரங்கள் இரண்டு, மூன்று, நான்கு வீட்டுக் கட்டடங்களை அனுமதித்தாக வேண்டும் என்றது. 1973இன் சட்டத்திலிருந்து 46 ஆண்டுத் தாமதம். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வாடகைக்கு இருந்தவர்கள்.

இப்போது மெட்ரோ 6 ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். நிலம் போதவில்லை என்றால் கோட்டை நகர்த்தலாம், உள்ளேயே நெருக்கமாகக் கட்ட வழியும் செய்யலாம். 2024 இறுதியில் தென்மேற்கில் ஷெர்வுட் மேற்குப் பகுதியைச் சேர்த்துக்கொள்ள மன்றம் ஒப்புக்கொண்டது, நிபந்தனைகளோடு. அடுத்த கணக்கு 2030இல் வரும். அப்போது மேசைமீது முதலில் வைக்க வேண்டியது, 2019இல் திறந்துவிட்ட தெருக்களில் உண்மையில் எத்தனை வீடு எழுந்தது, அதில் யார் குடியேறினார்கள் என்ற விவரம்.