சுண்ணாம்புத் தெளிநீரும் பவளத் தொட்டியும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் என் வகுப்பு மாணவி ஒருத்தி தன் பெற்றோருடன் கிள்ளானிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தாள். கூடத்திலிருக்கும் பவளத் தொட்டிக்குள் புட்டியொன்றிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக விழுவதைக் கண்டு, "இது என்ன மருந்து டீச்சர்?" என்றாள். சுண்ணாம்புத் தண்ணீர் என்றேன். "பாட்டி வெற்றிலையில தடவுற சுண்ணாம்பா?" என்று சிரித்தாள். ஆம், பிரிக்பீல்ட்ஸ் வெற்றிலைக் கடைகளில் விற்கும் சுண்ணாம்பும் இதுவும் அடிப்படையில் ஒரே பொருள்தான். தொட்டிக்கு மட்டும் தூய்மைப்படுத்திய பொடியை வாங்குகிறேன். அவளுக்குச் சொன்ன வரலாற்றையே இங்குச் சற்று விரித்து எழுதுகிறேன்.

1846-ஆம் ஆண்டில் அன்னா தைன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, டார்க்கீ கடற்கரையில் கிடைத்த கற்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுசென்று வளர்த்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காக, அவருடைய பணிப்பெண் திறந்த சாளரத்தருகே நின்று, நாள்தோறும் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் கடல்நீரைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினாராம். நம் தே தாரேக் ஆற்றுவதைப்போல! பின்னர்க் கடற்பாசிகளைச் சேர்த்ததும் அவ்வேலை குறைந்தது.

நம் வட்டாரத்திற்கு இவ்வரலாற்றில் பெரும் பங்குண்டு. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், 1961-இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் தம் 'இயற்கை முறை'யை எழுதினார். வடிகட்டிப் பொறி எதுவுமில்லை. கடல்நீர், வெயில், காற்றுக்குமிழிகள், உயிர்கள் குடியிருக்கும் பாறைத்துண்டுகள், அவ்வளவே. மீன்கழிவில் உண்டாகும் அம்மோனியாவைப் பாறையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக்கும். உயிர்வளி குறைந்த உட்புறத்தில் வாழ்பவை அந்த நைட்ரேட்டை நைட்ரஜனாக்கி வெளியேற்றும். இன்றைய இல்லப் பவளத் தொட்டிகள் பலவும் அந்தப் பாறைத்துண்டுகளின் வழிவந்தவையே.

ஆனால், லீயின் முறையை அப்படியே பின்பற்றினால் நமக்குப் போதுமா? போதாது என்பதே என் அனுபவம். அவருக்குக் கடல்நீர் அருகிலேயே இருந்தது. எனக்கும் கடல் அருகில்தான். ஆயினும் கிள்ளான் முகத்துவாரத்துச் சேற்றுநீரைத் தொட்டியில் ஊற்ற இயலுமா? செயற்கை உப்பைக் கரைத்தே காலம் தள்ளுகிறேன்.

கற்பவளம் தன் கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 410 முதல் 420 மில்லிகிராம் வரை கால்சியம் உண்டு. கடல் பெரிது, குறையாது. தொட்டியிலோ பவளம் வளர வளரக் கால்சியமும் நீரின் காரத்தன்மையும் சேர்ந்தே இறங்கும். 1970-களில் பீட்டர் வில்கன்ஸ் என்பவர் இதற்கொரு வழி காட்டினார். ஆவியாகிப்போன நீருக்கு ஈடாகச் சுண்ணாம்புத் தெளிநீரை விடுவதே அவ்வழி. பவளம் எவ்விகிதத்தில் இரண்டையும் எடுக்கிறதோ, அதே விகிதத்தில் இரண்டும் திரும்பக் கிடைக்கின்றன. நம் வெப்பத்திற்கு மின்விசிறி வைத்தே தொட்டியைக் குளிர்விக்க வேண்டும். அதனால் நீர் நிறைய ஆவியாகும், தெளிநீரும் நிறையச் சேரும். நம் ஊர்ப் புழுக்கத்தாலும் ஒரு நன்மை!

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இத்தெளிநீரின் அமிலகாரக் குறியீடு 12-க்கும் மேல். கடல்நீருக்கோ 8-ஐ ஒட்டியது. பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று ஒருநாள் காலை ஒரு குவளை நீரை ஒரேயடியாக ஊற்றிவிட்டேன். மதியம் திரும்பியபோது தொட்டி கஞ்சித்தண்ணீராய் வெளுத்திருந்தது. இரண்டாண்டு வளர்த்த பவளக்கிளை தோலுரிந்து நின்றது. அன்றுமுதல் இரவில், சொட்டுச் சொட்டாக மட்டுமே.

மன்னார் வளைகுடாவில் கடந்த நூற்றாண்டில் பவளப்பாறைகளைப் பெயர்த்தெடுத்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினர். அங்குள்ள 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் கற்பவளங்கள் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. இதைச் சொன்னதும் அச்சிறுமி, "அப்போ பவளத்தைச் சுட்டுப் பவளத்துக்கே கொடுக்கிறீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லையம்மா, இப்பொடி மலைச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்வது என்றேன். ஈப்போவில் பார்க்கிறோமே, அத்தகைய கல். அதுவும் பல கோடி ஆண்டுகளுக்குமுன் கடலடியில் படிந்ததுதான் என்பதையும் சொன்னேன். அவள் அதற்குள் சொட்டுகளை எண்ணத் தொடங்கியிருந்தாள்.