பெருங்களத்தூரில் ஒரு வழுவமைதி

தமிழ் இலக்கணம் பிழையை மூன்று நிலைகளில் வைத்துப் பார்க்கிறது. பிழையின்றி வழங்குவது வழாநிலை. பிழைபட வழங்குவது வழு. பிழைதான், எனினும் அதற்கொரு காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது வழுவமைதி. தன் வீட்டுப் பசுவைப் பெண்பிள்ளையாகப் பாவித்து உவகையோடு அழைப்பவரை இலக்கணம் தண்டிப்பதில்லை.

காரோட்டும் கலையிலும் இப்படியொரு வழுவமைதி உண்டு. வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் பிடியிழந்து வெளிப்பக்கமாக நழுவுவது சாதாரணமாக ஒரு வழு. அதையே வேண்டுமென்று வரவழைத்து, முன்சக்கரங்களை எதிர்த்திசையில் ஒடித்துப் பிடித்துக்கொண்டு, வளைவு முடியும்வரை அந்த நழுவலிலேயே காரைச் செலுத்துவதற்கு டிரிஃப்டிங் என்று பெயர். இதற்குத் தமிழில் என்ன சொல் என்று மாணவர் ஒருவர் கேட்டார். திருவிழாவில் நடுவது வழுக்கு மரம்; பூங்காவில் பிள்ளைகள் விளையாடுவது சறுக்கு மரம். முன்னதில் வழுக்கல் தடை, பின்னதில் சறுக்கலே விளையாட்டு. ஆகவே சறுக்கோட்டம் என்றேன். நிலைக்குமா என்பது வேறு கேள்வி.

இந்தச் சறுக்கோட்டத்துக்கு இயல்பிலேயே வாகான ஒரு கார், தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில்தான் உருவாகிக்கொண்டிருந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் அங்கே தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் அது. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. உருவம் தந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. அடிச்சட்டமும் மேற்கூடும் தனித்தனி. முன்மூடியைச் சக்கர வளைவுகளோடு சேர்த்து அப்படியே முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறக்கலாம். எஞ்சின் 948 சி.சி.; திறன் 40 குதிரைத்திறனுக்கும் குறைவு. மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட ஏறக்குறைய அரை நிமிடம் பிடிக்கும். இதையா விளையாட்டுக் கார் என்பது என்று கேட்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1962இல் வந்து புகழ்பெற்ற டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் விளையாட்டுக் கார், இதே ஹெரால்டின் உறுப்புகளைக் கொண்டு கட்டப்பட்டதுதான்.

குறைந்த திறனுடைய காரில் சறுக்கோட்டம் எப்படிக் கைகூடும்? ஆற்றல் மிகுந்த காரில் ஆக்சிலேட்டரை அழுத்தினாலே பின்சக்கரங்கள் சுழன்று பிடியை விட்டுவிடும். எளிய காரில் அது நடவாது. அங்கே செய்யவேண்டியது எடையை இடம்பெயர்ப்பது. வளைவுக்குள் நுழையும் கணத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ பிரேக்கைத் தொட்டாலோ காரின் பாரம் முன்னே சாய்கிறது; பின்பக்கம் இலேசாகிறது. அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் வால் வெளியே வருகிறது. போதாவிட்டால் ஹேண்ட் பிரேக்கை ஒரு கணம் இழுப்பார்கள். பிறகுதான் ஆக்சிலேட்டர், அதுவும் நழுவலை உயிரோடு வைத்திருக்கும் அளவுக்கு. வேகத்தைச் சிந்தாமல் காப்பதுதான் இங்கே வித்தை. சிந்திவிட்டால் மீட்டுத்தர எஞ்சினிடம் ஒன்றும் இல்லை.

இதற்கு வேண்டிய முதற்பொருள், நன்றாக ஒடியும் முன்சக்கரம். ஹெரால்டு ஏறத்தாழ 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் போட்டுத் திரும்பிவிடும். சறுக்கோட்டக்காரர்கள் இன்று தம் கார்களின் ஸ்டியரிங் உறுப்புகளை மாற்றி அரும்பாடுபட்டுப் பெறும் ஒடிப்பை, பெருங்களத்தூர் கார் பிறவியிலேயே பெற்றிருந்தது. இரண்டாவது, இளைத்த டயர். அகலமான டயர் சாலையைக் கவ்விக்கொள்ளும். எளிய எஞ்சினால் அந்தக் கவ்வலை மீற முடியாது. ஹெரால்டின் 13 அங்குலச் சக்கரங்களில் இருந்தவை மெலிந்த டயர்கள்தாம். பின்டயரில் காற்றைச் சற்றுக் கூட்டினால் பிடி இன்னும் குறையும். மூன்றாவது, டிரைவ் பின்சக்கரத்துக்குச் செல்வது. அதுவும் இருந்தது.

சிக்கல் நான்காவதில். ஹெரால்டின் பின்பக்கத்தில் குறுக்காக ஒரே கமான் பட்டை, டிஃபரன்ஷியலின் தலைமேல் பொருத்தப்பட்டிருக்கும். இரு அரை ஆக்சில்களும் டிஃபரன்ஷியலை ஒட்டிய முனையில் மட்டும் மடங்கி, பறவைச் சிறகைப் போல மேலும் கீழும் அசையும். குண்டும் குழியுமான சாலையில் இது சுகமான அமைப்பு. வேகமான வளைவிலோ, குறிப்பாக நடுவில் காலை எடுத்துவிட்டால், காரின் பின்பாகம் மேலெழும்பி வெளிச்சக்கரம் உள்நோக்கி மடிந்துகொள்ளும். பிடி படிப்படியாகக் குறையாது, சட்டென்று அறும். அமெரிக்காவில் ராள்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூல் செவ்ரலே கார்வேரை நிறுத்திக் கேள்வி கேட்டதும் இந்த வகை ஆக்சிலுக்காகத்தான். வழுவுக்கும் வழுவமைதிக்கும் இடையிலுள்ள தொலைவு இங்கேதான் இருக்கிறது. படிப்படியாக வரும் நழுவலை ஓட்டுநர் ஆளலாம். திடுமென்று வருவது அவரை ஆண்டுவிடும்.

அதைத் திருத்த வழிகள் இருந்தன. கமான் பட்டைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே ஒரு கட்டை வைத்தால் காரின் பின்பாகம் தாழும். சக்கரங்களின் மேல்விளிம்பு சற்று உட்சாய்ந்து நிற்கும். சக்கரம் அளவுக்கு மீறிக் கீழிறங்காதபடி வார் கட்டலாம். முன்பக்கம் தடித்த கம்பி பொருத்திச் சாய்வைக் கட்டுப்படுத்தலாம். டிரையம்ப் நிறுவனமே 1970இல் புதிய ஸ்பிட்ஃபயரில், பட்டையின் ஒரு தகட்டை மட்டும் இறுக்கி மற்றவை நடுவில் ஊசலாடும்படி செய்து இக்குறையைப் பெரிதும் தணித்தது. செலவு மிகுந்த மாற்றம் அல்ல. பிழையை வெட்டி எறியாமல் பழக்கி எடுத்த மாற்றம் என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்தமானது.

பெருங்களத்தூர் வேறு வழி சென்றது. 1968இல் ஹெரால்டுக்கு நான்கு கதவுகள் வைத்தார்கள். இது இந்தியாவுக்கே உரிய வடிவம். 1972இல் வந்த கஸெலில் அசையும் ஆக்சிலையே நீக்கிவிட்டு, லாரிகளில் இருப்பதைப் போன்ற ஒற்றைக்கட்டு ஆக்சிலைப் பொருத்தினார்கள். பழைய அமைப்பு வாங்கியவர்களுக்கும் உவப்பாயில்லை, மெக்கானிக்குகளுக்கும் உவப்பாயில்லை. நடைமுறை நோக்கில் குற்றம் சொல்ல முடியாத முடிவுதான். கார் வாங்கப் பெயர் பதிந்து காத்திருந்த காலத்தில், வளைவில் அது எப்படித் திரும்புகிறது என்று யார் கவலைப்பட்டார்கள்? கவலைப்பட்ட சிலர் சோழவரம் போனார்கள். சென்னைக்கு வடக்கே, உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஃபியட், அம்பாசடர்களோடு ஹெரால்டுகளும் ஓடின. அவற்றைத் தாழ்த்தியும் இழைத்தும் தயார்செய்த பட்டறைக்காரர்களின் அறிவு தமிழில் நூலாகவில்லை. நாவல்களில் நெசவும் உழவும் மீன்பிடிப்பும் நுணுக்கமாக வந்துவிட்டன. கார்ப் பட்டறை இன்னும் வரிசையில் நிற்கிறது.

ஒற்றைக்கட்டு ஆக்சிலே சறுக்கோட்டத்துக்குப் பகையல்ல என்பதையும் சொல்லவேண்டும். டொயோட்டா 1983இல் வெளியிட்ட ஏஇ86 என்ற சிறு காரில் இருந்தது அதுதான். 1587 சி.சி. எஞ்சின், 130 குதிரைத்திறன். கெய்ச்சி சுச்சியா அதை ஜப்பானின் மலைப்பாதைகளில் சறுக்கிக் காட்டினார். 1995இல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ சித்திரக்கதை உலகெங்கும் அதைப் பரப்பியது. அந்தக் காரைத் தயார்செய்பவர்கள் முதலில் தேடுவது கூடுதல் திறனை அல்ல. இரு பின்சக்கரங்களையும் சேர்ந்து சுழலவைக்கும் டிஃபரன்ஷியல், எஞ்சின் தளராதபடி குறுகலான பல்விகிதம், கழற்றி எறியக்கூடிய பாரம், இவைதாம். எஞ்சினைத் தவிர மற்றவை யாவும் கஸெலில் செய்திருக்கக்கூடியவை. ஆனால் கஸெல் சிறு எண்ணிக்கையில் வெளிவந்து, 1977இல் நின்றுபோயிற்று. 1985இல் ரோவர் உடலுக்குள் பழைய எஞ்சினை வைத்து வந்த ஸ்டாண்டர்டு 2000 மூன்றாண்டுகளில் முடிந்தது. அத்துடன் உற்பத்தியும் முடிந்தது. ஜி.எஸ்.டி. சாலையில் அந்த இடத்தில் இப்போது மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் எளியோர் கார் என்றாலே முன்சக்கர டிரைவ் என்றாகிவிட்டது. பொதுச்சாலையில் பந்தயமும் வேகச் சோதனையும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்கீழ்க் குற்றம். ஆசையுள்ளவர்கள் 1990இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்குத்தான் போகவேண்டும். இன்றைய புதிய வண்டிகளில், குறைந்த விலையும் குறைந்த திறனும் பின்சக்கர டிரைவும் ஒருங்கே அமைந்தது மாருதி ஈகோ வேன். காலை எட்டு மணிக்குப் பெருங்களத்தூர் சிக்னலில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அது நிதானமாகத் திரும்புவதைக் காணலாம்.