ஒரு மதிலும் இரு சட்டங்களும்

1980களில் கண்டிக்கு அருகே ஒரு சிறு நகரில் அடுத்தடுத்த வீடுகளில் இரு தம்பதியர் வாழ்ந்தனர் என வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டார் கண்டியச் சட்டப்படி மணமுடித்த சிங்களவர், மற்றவர்கள் தமிழர். இரு வீட்டிலும் மனம் முறிந்து, கணவனும் மனைவியும் ஒருமித்தே பிரிய முடிவு செய்கின்றனர். முதலாமவர்கள் மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பித்துப் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகத்தை முடித்துக்கொள்ளலாம். இரண்டாமவர்களோ மாவட்ட நீதிமன்றப் படியேறி, இருவரில் ஒருவர் குற்றமிழைத்தவர் என நிரூபித்தாக வேண்டும்.

இந்த வேறுபாட்டின் வேர் பழையது. கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681 இல் வெளியான தமது நூலில், அங்கு கணவனும் மனைவியும் மனம் ஒவ்வாதபோது எளிதாகப் பிரிந்து செல்வதை வியப்புடன் எழுதியுள்ளார். ஆங்கிலேயருக்கு இது பொறுக்கவில்லை. 1859 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் பலதார மணத்தையும் ஒரு பெண் பல கணவரைக் கொள்ளும் வழக்கத்தையும் தடைசெய்து, பதிவை வலியுறுத்தி, பிரிவையும் கடினமாக்கினர். மக்கள் பதிவுக்கு வரவே தயங்கினர். பதினொரு ஆண்டுகளிலேயே அரசு இறங்கிவர நேர்ந்தது: 1870 இல் பரஸ்பர சம்மதப் பிரிவு மீண்டும் ஏற்கப்பட்டது. 1952 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டமும் அதனைப் பேணியது.

முஸ்லிம்களுக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றமும் தனியாக இருந்தன. யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை உண்டே எனச் சிலர் கேட்கக்கூடும். ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த அச்சட்டம் சீதனம், முதுசம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பற்றியே விரிவாகப் பேசும். விவாகரத்துக்கு யாழ்ப்பாணத்தவரும் பொதுச் சட்டத்தையே நாட வேண்டும்.

அந்தப் பொதுச் சட்டம், 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியில் அது ஏற்ற காரணங்கள் மூன்றே: பிறர்மனைச் சேர்க்கை, வன்மம் கொண்டு கைவிடல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற இயலாமை. கொடுமை தனிக் காரணமன்று. அடியுதை தாங்காது பிறந்தகம் சென்ற பெண், கணவனே தன்னை வெளியேறச் செய்தான் என்று காட்டி, அதனையே 'கைவிடல்' ஆக்க வேண்டும்.

நடைமுறையும் நீண்டதே. வதியும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் முறைப்பாடு, எதிராளிக்கு அழைப்பாணை, பின் சாட்சியம். பிறர்மனைச் சேர்க்கை என்றால் அந்த மூன்றாமவரும் வழக்கில் இழுக்கப்படுவார். வென்றாலும் முதலில் கிடைப்பது 'நைசி' எனும் இடைநிலைத் தீர்ப்பாணை. மூன்று மாதம் கழிந்தபின்பே அது முற்றாகும். ஒத்த மனதுடன் பிரிய வந்தவர்கள் சட்டத்தரணியின் ஆலோசனைப்படி ஒருவரைக் குற்றவாளியாக்கி, மற்றவர் எதிர்வாதமின்றி ஒதுங்கிக்கொள்வது நீதிமன்ற வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த இரகசியம். தண்டிக்கப்படாத இந்தக் குற்றப்பட்டம் பெரும்பாலும் யார் தலையில் விழுந்தது என்பதை எமது சமூகத்தை அறிந்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

1977 இல் குடியியல் நடவடிக்கைக் கோவை திருத்தப்பட்டபோது ஒரு கதவு திறந்ததாகத் தோன்றியது. ஏழு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தோர் அதனை வைத்தே விவாகரத்துக் கோரலாம் என்று 608 ஆம் பிரிவு வாசிக்கப்பட்டது. 1986 இல் உயர் நீதிமன்றம் அவ்வாசிப்பை ஏற்கவில்லை: அப்பிரிவு நடைமுறை பற்றியது மட்டுமே, குற்றம் நிரூபிக்கப்பட்டே ஆகவேண்டும் என்றது. ஏழு ஆண்டு காத்திருந்தவர்கள் மீண்டும் 1907 இன் மூன்று காரணங்களுக்கே திரும்பினர்.